வறுமை மட்டுமே தாயையும் சேயையும் பிரிக்கலாமா? தத்தெடுப்புச் சட்டம் சொல்வது என்ன?

புது டெல்லி: தத்தெடுப்பு என்றவுடன், குழந்தைக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் தம்பதிகளே பெரும்பாலும் நினைவுக்கு வருவர். அக்குழந்தையைப் பெற்றெடுத்து, வளர்க்க வழியின்றிப் பிரிய நேரும் தாயைப் பற்றிய பேச்சு அரிதாகவே எழுகிறது. எனினும், இந்தியாவில் தத்தெடுப்பை ஒழுங்குபடுத்தும் சட்டமும் விதிகளும் பெற்ற தாயையும் மனத்தில் கொண்டே இயற்றப்பட்டுள்ளன. குழந்தையை ஒப்படைக்க வரும் தாயிடம் ஆவணத்தை நீட்டுவதற்கு முன், அக்குழந்தை அவரிடமே வளர வழி இருக்கிறதா என்று ஆராய வேண்டும் என்பதே அவற்றின் அடிப்படை.

இந்த உரிமை இருப்பது, அது தேவைப்படும் பெண்களுக்கே பெரும்பாலும் தெரிவதில்லை. குழந்தையை ஒப்படைக்க நினைக்கும் தாய்க்குச் சட்டம் தரும் பாதுகாப்பு என்ன? குடும்பம் பிரியாமல் இருக்க அரசு தரும் உதவி என்ன? தத்தெடுக்க விரும்புவோர் அறிய வேண்டியது என்ன? விரிவாகப் பார்க்கலாம்.

'ஒப்படைக்கப்பட்ட குழந்தை' யார்?

பெற்றோரின் பராமரிப்பை இழந்த குழந்தைகளின் பாதுகாப்பும் தத்தெடுப்பும், 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டத்தின் கீழ் வருகின்றன. இச்சட்டப்படி ஆதரவற்ற குழந்தை, கைவிடப்பட்ட குழந்தை, ஒப்படைக்கப்பட்ட குழந்தை ஆகிய மூன்று பிரிவினர் தத்துக்குத் தகுதி பெறுகின்றனர்.

இவற்றில் மூன்றாவது பிரிவின் வரையறை கவனத்துக்குரியது. தங்கள் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட உடல், உணர்வு மற்றும் சமூகக் காரணங்களால் பெற்றோர் அல்லது பாதுகாவலர் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைக்கும் குழந்தையே 'ஒப்படைக்கப்பட்ட குழந்தை' எனச் சட்டம் கூறுகிறது. பணமின்மையோ வறுமையோ இந்த வரையறையில் காரணமாகக் குறிப்பிடப்படவில்லை.

குழந்தையைப் பேணும் முதன்மைப் பொறுப்பு குடும்பத்துக்கே உரியது என்பதும், காப்பகத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பதும் இச்சட்டத்தின் 3-ஆவது பிரிவில் பொதுக் கோட்பாடுகளாக இடம்பெற்றுள்ளன.

இரண்டு மாத அவகாசம்

கணவரை விபத்தில் இழந்த கூலித் தொழிலாளிப் பெண் ஒருவர், கைக்குழந்தையுடன் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் வருகிறார் என வைத்துக்கொள்ளலாம். குழந்தையை வளர்க்க இயலவில்லை. வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள் என்கிறார். அப்போது நடக்க வேண்டியவற்றைச் சட்டத்தின் 35-ஆவது பிரிவு வரையறுக்கிறது.

முதலில் குழு விசாரணை நடத்தி, அவருக்கு உளவியல் ஆலோசனை வழங்க வேண்டும். குழந்தையைத் தம்மிடமே வைத்துக்கொள்ள அவருக்குள்ள வாய்ப்புகளை எடுத்துச் சொல்லி, ஒப்படைப்பைத் தவிர்க்க முயல வேண்டும் எனத் தத்தெடுப்பு ஒழுங்குமுறை விதிகள் கூறுகின்றன. ஒப்படைப்பு உறுதியான பின் அதைத் திரும்பப் பெற முடியாது என்பதையும் அவருக்குப் புரியும் வகையில் விளக்க வேண்டும்.

இதன் பிறகும் அவர் தம் முடிவில் உறுதியாக இருந்து, குழுவும் நிறைவடைந்தால் மட்டுமே ஒப்படைப்பு ஆவணம் குழுவின் முன்னிலையில் கையெழுத்தாகும். மருத்துவமனை வராண்டாவிலோ, காப்பக அலுவலகத்திலோ, வழக்கறிஞர் அறையிலோ வாங்கப்படும் கையெழுத்து இதற்கு ஈடாகாது.

கையெழுத்திட்ட பின்னரும், முடிவை மறுபரிசீலனை செய்ய அவருக்கு இரண்டு மாத அவகாசம் உண்டு. அக்காலத்தில், உரிய விசாரணைக்குப் பின் குழந்தையைக் கண்காணிப்புடன் தாயிடமே விட்டுவைக்கக் குழுவுக்கு அதிகாரம் உள்ளது. இல்லையெனில், 6 வயதுக்குட்பட்ட குழந்தை சிறப்புத் தத்தெடுப்பு நிறுவனத்திலும், அதற்கு மேற்பட்ட வயதுடைய குழந்தை குழந்தைகள் இல்லத்திலும் பராமரிக்கப்படும். அவகாசம் முடியும் வரை தத்தெடுப்புக்கான நடவடிக்கை தொடங்காது. இடைப்பட்ட நாள்களில் தாய் மனம் மாறி வந்தால், குழந்தையைத் திரும்பப் பெறக் கோரலாம்.

அவகாசம் பிறந்த வரலாறு

இந்தப் பாதுகாப்புக்குப் பின்னால் நீண்ட வரலாறு உள்ளது. இந்தியக் குழந்தைகளை வெளிநாட்டினருக்குத் தத்து கொடுப்பதில் சில அமைப்புகள் முறைகேடுகளில் ஈடுபடுவதாகக் குற்றஞ்சாட்டி, வழக்கறிஞர் லட்சுமி காந்த் பாண்டே உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். அக்கடிதமே பொதுநல மனுவாக ஏற்கப்பட்டது. 1984 பிப்ரவரியில் நீதிபதி பி.என்.பகவதி வழங்கிய தீர்ப்பு, நாட்டின் தத்தெடுப்பு நடைமுறைக்கு அடித்தளமாக அமைந்தது.

குழந்தை பிறப்பதற்கு முன்போ, பிறந்து மூன்று மாதங்களுக்குள்ளாகவோ அதைத் தத்து கொடுப்பது குறித்து முடிவெடுக்கப் பெற்றோரைத் தூண்டவோ அனுமதிக்கவோ கூடாது என அத்தீர்ப்பு அறிவுறுத்தியது. பிரசவத்தின் களைப்பும், கையில் காசில்லாத அச்சமும், உறவினரின் வற்புறுத்தலும் சூழ்ந்த வேளையில் ஒரு தாய் எடுக்கும் முடிவை அவரது உறுதியான விருப்பமாகக் கொள்ள முடியாது என்ற புரிதல் அதில் இருந்தது.

தத்தெடுப்பு விவகாரங்களைக் கவனிக்க மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையம் (காரா) 1990-இல் உருவானது. நாடுகளுக்கிடையேயான தத்தெடுப்பு தொடர்பான 1993-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையை இந்தியா 2003-இல் ஏற்றது. குழந்தை பிறந்த பின்னரே தாயின் ஒப்புதல் பெறப்பட வேண்டும் என்பது அவ்வுடன்படிக்கையின் நிபந்தனைகளுள் ஒன்று.

ஒப்புதல் ஏன் இத்தனை முக்கியம் என்பதை, 2021-இல் கேரளத்தில் எழுந்த வழக்கு ஒன்று நாட்டுக்கு உணர்த்தியது. தம் குழந்தை தமது சம்மதமின்றிக் கொடுக்கப்பட்டுவிட்டதாக இளம் தாய் ஒருவர் புகார் தெரிவித்தார். அதற்குள் குழந்தை, தத்தெடுப்புக்கு முந்தைய பராமரிப்பில் வேறொரு தம்பதியிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. டிஎன்ஏ பரிசோதனை உறவை உறுதிசெய்ததை அடுத்து, நீதிமன்ற உத்தரவின்படி குழந்தை பெற்ற தாயிடம் சேர்ந்தது. முறையாக விண்ணப்பித்து, அன்புடன் வளர்த்து வந்த தம்பதி அக்குழந்தையைப் பிரிந்தனர். ஒப்புதல் நடைமுறையில் சந்தேகம் எழுந்தால், அதன் வலி இரு குடும்பங்களையும் தாக்கும்.

பிரிவுக்கு முன் வர வேண்டிய உதவி

வறுமையால் குடும்பம் பிரியக் கூடாது என்று சொல்வது மட்டும் போதாது; அதற்கான பண உதவியும் தேவை. சட்டத்தின் 45-ஆவது பிரிவு 'நிதி ஆதரவு' என்ற ஏற்பாட்டைச் செய்துள்ளது. தாய் கணவரை இழந்தவராகவோ, மணமுறிவு பெற்றவராகவோ, குடும்பத்தாரால் கைவிடப்பட்டவராகவோ இருந்தால் அக்குழந்தைக்கு நிதி ஆதரவு வழங்கலாம். பெற்றோரை இழந்து உறவினரிடம் வளரும் குழந்தைகள், உயிருக்கு ஆபத்தான நோயால் பாதிக்கப்பட்ட பெற்றோரின் குழந்தைகள், விபத்தால் முடங்கிப் பணத்தாலும் உடலாலும் பிள்ளைகளைக் கவனிக்க இயலாத பெற்றோரின் குழந்தைகள் ஆகியோரும் இதில் அடங்குவர்.

மத்திய அரசின் 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தின் கீழ், தகுதியுள்ள குழந்தை ஒன்றுக்கு மாதம் ரூ.4,000 வழங்கப்படுகிறது. இத்திட்டத்துக்கான வழிகாட்டுதல்களின்படி குடும்பத்தின் ஆண்டு வருமானம் ஊரகப் பகுதிகளில் ரூ.72,000, பிற பகுதிகளில் ரூ.96,000 என்ற வரம்புக்குள் இருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு மூலம் விண்ணப்பித்து, மாவட்ட அளவிலான குழுவின் ஒப்புதலைப் பெற வேண்டும்.

மேலே கூறிய கைம்பெண் தாய் இந்த உதவிக்கு உரியவர். மாதம் ரூ.4,000 ஒரு குடும்பத்தின் எல்லாத் தேவைகளையும் நிறைவேற்றாது. ஆயினும், பால் பவுடருக்கும் மருந்துக்கும் வழியில்லை என்ற ஒரே காரணத்தால் குழந்தையைப் பிரிய நினைக்கும் தாய்க்கு, அத்தொகை முடிவையே மாற்றக்கூடும். ஒப்படைப்பு ஆவணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் இந்த உதவியைப் பற்றி அவரிடம் யாரேனும் சொன்னார்களா என்பதே இங்கு முக்கியம்.

பெற்றோர் சில காலம் மட்டும் குழந்தையைக் கவனிக்க இயலாத நிலையில் இருந்தால், 44-ஆவது பிரிவின் கீழ் வளர்ப்புப் பராமரிப்பு என்ற வழியும் உண்டு. இதில் குழந்தை வேறொரு குடும்பத்தில் தற்காலிகமாக வளரும். பெற்றோருடனான சட்ட உறவு அறுபடாது.

குழந்தையை விட்டுச் செல்வது குற்றமா?

பாரதிய நியாய சன்ஹிதாவின் 93-ஆவது பிரிவின்படி, 12 வயதுக்குட்பட்ட குழந்தையைக் கைவிடும் நோக்கில் விட்டுச் செல்வது, 7 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். புதரிலோ குப்பைத் தொட்டியிலோ பச்சிளங்குழந்தை கண்டெடுக்கப்பட்ட செய்திகளில் 'கல்நெஞ்சத் தாய்' என்ற சொல் எளிதாக இடம்பெற்றுவிடுகிறது. இளைஞர் நீதிச் சட்டமோ சற்று நிதானமாக அணுகுகிறது. தங்கள் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட சூழலால் பெற்றோர் குழந்தையைக் கைவிட்டது தெரியவந்தால், அது மனமறிந்து செய்த செயலன்று எனக் கருதப்பட வேண்டும். அப்போது இச்சட்டத்தின் 75-ஆவது பிரிவிலுள்ள தண்டனை பொருந்தாது என அப்பிரிவே கூறுகிறது.

குழந்தையின் உயிருக்கு ஆபத்து நேராமல் ஒப்படைக்க வழிசெய்யும் நோக்கில், தமிழ்நாட்டில் முதலமைச்சர் ஜெயலலிதா 1992-இல் தொட்டில் குழந்தை திட்டத்தைத் தொடங்கினார். பெண் சிசுக்கொலைக்கு எதிராகச் சேலத்தில் தொடங்கப்பட்ட இத்திட்டம் பின்னர்ப் பிற மாவட்டங்களுக்கும் விரிந்தது. கேரளத்தில் 'அம்மத்தொட்டில்' என்ற பெயரில் இத்தகைய ஏற்பாடு உள்ளது. தொட்டில்கள் உயிர்களைக் காக்கின்றன என்பது ஒரு தரப்பின் வாதம். பெண் குழந்தையைக் கைவிடுவதை அவை எளிதாக்குகின்றன என்பது மறுதரப்பின் விமர்சனம். தொட்டிலில் விடப்படும் குழந்தையின் தாய்க்கு ஆலோசனையோ நிதி ஆதரவோ சென்று சேர வாய்ப்பில்லை என்பதும் கருதத்தக்கது.

கண்டெடுக்கப்படும் குழந்தையைப் பற்றிப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். அதன் பின் பெற்றோரைத் தேடும் பணி நடைபெறும். குழந்தைக்கு 2 வயது வரை எனில் 2 மாதங்களும், அதற்கு மேல் எனில் 4 மாதங்களும் இதற்கான கால வரம்பு. பெற்றோர் கிடைக்காவிடில் மட்டுமே அக்குழந்தை தத்தெடுப்புக்குச் சட்டப்படி தகுதியானது என அறிவிக்கப்படும்.

மணமாகாத தாயின் உரிமை

திருமணமான தம்பதிக்குப் பிறந்த குழந்தையை ஒப்படைக்க இருவரின் கையெழுத்தும் தேவை. மணமாகாத தாய் எனில், அவர் மட்டுமே குழந்தையை ஒப்படைக்க முடியும். அவருடைய பெற்றோரோ சகோதரரோ அவருக்குப் பதிலாக அம்முடிவை எடுக்க இயலாது.

மறுபுறம், குழந்தையைத் தாமே வளர்க்க விரும்பும் மணமாகாத தாய்க்கும் சட்டம் துணை நிற்கிறது. 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பின்படி, அவர் தந்தையின் பெயரை வெளியிடாமலேயே குழந்தையின் சட்டப்பூர்வப் பாதுகாவலராகலாம். அத்தகைய தாய் பிறப்புச் சான்றிதழ் கோரினால், பிரமாணப் பத்திரம் ஒன்றைப் பெற்றுக்கொண்டு வழங்க வேண்டும் எனவும் நீதிமன்றம் உத்தரவிட்டது.

பணம் கைமாறினால்...

தாயின் நெருக்கடியைப் பயன்படுத்திக்கொள்ளும் இடைத்தரகர்கள் மீது சட்டம் கடுமையானது. குழந்தையை விற்பதோ வாங்குவதோ 81-ஆவது பிரிவின்படி 5 ஆண்டுகள் வரை கடுங்காவலும் ரூ.1 லட்சம் அபராதமும் விதிக்கத்தக்க குற்றம். குழந்தையைத் தம் பொறுப்பில் வைத்திருப்போர், குறிப்பாக மருத்துவமனை மற்றும் மகப்பேறு இல்ல ஊழியர்கள் இதில் ஈடுபட்டால், குறைந்தது 3 ஆண்டுகள் முதல் 7 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை கிடைக்கும். பணம் கைமாறாவிட்டாலும், ஆதரவற்ற, கைவிடப்பட்ட அல்லது ஒப்படைக்கப்பட்ட குழந்தையை முறையான வழியின்றித் தத்து கொடுப்பதும் பெறுவதும் 80-ஆவது பிரிவின்படி 3 ஆண்டுகள் வரை சிறை அல்லது ரூ.1 லட்சம் அபராதம் அல்லது இரண்டும் விதிக்கத்தக்க குற்றமாகும்.

கொரோனா இரண்டாம் அலையின்போது, பெற்றோரை இழந்த குழந்தைகளைத் தத்தெடுக்க வருமாறு அழைக்கும் பதிவுகள் சமூக ஊடகங்களில் பரவின. அவற்றை நம்ப வேண்டாம் என மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் எச்சரித்தது. சட்டவிரோதத் தத்தெடுப்பில் ஈடுபடுவோர் மீது நடவடிக்கை எடுக்குமாறு 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. மருத்துவமனையிலிருந்து பச்சிளங்குழந்தை கடத்தப்பட்டால் அம்மருத்துவமனையின் உரிமத்தை உடனடியாக இடைநிறுத்த வேண்டும் என 2025 ஏப்ரலில் அதே நீதிமன்றம் கூறியது.

காத்திருக்கும் பெற்றோர் அறிய வேண்டியவை

காரா அமைப்பின் வழியாக 2024-25 நிதியாண்டில் 4,515 தத்தெடுப்புகள் நிறைவேறின. குழந்தை வேண்டிப் பதிவு செய்து காத்திருப்போரின் எண்ணிக்கை இதைவிடப் பல மடங்கு. இதனால் காத்திருப்புக் காலம் ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. நடைமுறையை விரைவுபடுத்தக் கோருவது நியாயமே. அந்த விரைவு அதிகாரிகளின் மேசைகளில் தேங்கும் கோப்புகளில் ஏற்பட வேண்டும். தாய்க்குத் தரப்படும் இரண்டு மாத அவகாசத்தில் கைவைப்பதாக அமைந்துவிடக் கூடாது.

தத்தெடுக்க மதம் தடையில்லை. இந்து, பௌத்த, சமண, சீக்கிய சமயத்தினருக்கு 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் தனியே உள்ளது. அச்சட்டத்தின் கீழும் தத்துக்காகப் பணம் கொடுப்பதும் பெறுவதும் குற்றமே. இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் எந்த மதத்தினரும் தத்தெடுக்கலாம் என்பதை, ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

தம்பதி எனில் இருவரின் ஒப்புதலும், குறைந்தது 2 ஆண்டுகள் நிலையான மணவாழ்வும் தேவை. தனித்து வாழும் பெண் எந்தப் பாலினக் குழந்தையையும் தத்தெடுக்கலாம். தனித்து வாழும் ஆண் பெண் குழந்தையைத் தத்தெடுக்க இயலாது. முன்பு நீதிமன்றம் பிறப்பித்து வந்த தத்தெடுப்பு ஆணையை, 2021-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 2022 செப்டம்பர் 1 முதல் மாவட்ட ஆட்சியர் பிறப்பிக்கிறார். ஆணை பிறந்த நாள் முதல், தத்தெடுத்தோருக்கே பிறந்த பிள்ளைக்குரிய எல்லா உரிமைகளும் குழந்தைக்குச் சேரும். பெற்ற குடும்பத்துடனான சட்ட உறவு அத்துடன் முடிவுக்கு வரும். திரும்ப முடியாத இந்த முடிவின் தன்மையே, அதற்கு முந்தைய நிதானத்தை அவசியமாக்குகிறது.

பின்னாளில் தாயைத் தேடினால்?

தத்தெடுக்கப்பட்ட பிள்ளை 18 வயது நிறைந்த பின் தம் பிறப்பின் வேர்களைத் தேடி விண்ணப்பிக்கலாம். ஆயினும் அத்தேடல், பெற்ற தாயின் தனியுரிமையை மீறுவதாக இருக்கக் கூடாது என விதிகள் வரையறுக்கின்றன. மணமாகாத நிலையில் குழந்தையை ஒப்படைத்து, பின்னர் வேறொரு வாழ்க்கையை அமைத்துக்கொண்ட பெண்ணுக்கு இது முக்கியமான பாதுகாப்பு. இத்தகைய குழந்தைகளின் பெயரையோ படத்தையோ ஊடகங்கள் வெளியிடுவதும் 74-ஆவது பிரிவின்படி குற்றமாகும்.

யாரை அணுகலாம்?

வளர்க்க வழியின்றித் தவிக்கும் தாயைப் பற்றி முதலில் அறிய வருவோர் பெரும்பாலும் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், பக்கத்து வீட்டார் ஆகியோரே. குழந்தையில்லாத தெரிந்தவரின் தொலைபேசி எண்ணைத் தருவது உதவியாகத் தோன்றலாம். அது அந்தத் தாயையும், வாங்குவோரையும், இடையில் நிற்பவரையும் சட்டச் சிக்கலில் தள்ளக்கூடும். யோசிக்க அவருக்குள்ள இரண்டு மாத அவகாசத்தையும் பறித்துவிடும்.

மாறாக, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகையோ, குழந்தைகள் நலக் குழுவையோ நேரில் அணுகலாம். குழந்தையை ஒப்படைப்பதற்கு மட்டுமல்லாமல், குழந்தையைத் தம்மிடமே வைத்துக்கொள்ள நிதி ஆதரவு கேட்பதற்கும் இதே அலுவலகங்களுக்குத்தான் செல்ல வேண்டும். அங்கே செல்லும் தாய்க்குத் துணையாக ஒருவர் உடன் சென்று, நிதி ஆதரவு விண்ணப்பத்தைக் கேட்டு வாங்கித் தந்தாலே பெரிய உதவியாக இருக்கும்.